முன்னிற்கும் சுரப்பிப் புற்றுநோய் ஸ்கேன்களில் மாறுபாட்டு ஊடக ஒவ்வாமை

மாறுபாட்டு ஊடக ஒவ்வாமை என்பது உடலுறுப்புகளைப் படமெடுக்கும்போது அவற்றைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுவதற்காகச் சிரை வழியே செலுத்தப்படும் மருந்துப் பொருளுக்கு உடல் காட்டும் ஒவ்வாமை போன்ற எதிர்வினை ஆகும். இப்பொருள் மாறுபாட்டு ஊடகம் எனப்படுகிறது. மருத்துவமனைப் பேச்சில் இது "கான்ட்ராஸ்ட்" என்றும் "டை" என்றும் வழங்கும். புராஸ்டேட் சுரப்பி எனப் பரவலாக அறியப்படும் முன்னிற்கும் சுரப்பியில் புற்றுநோய் உள்ளதா என அறியவும், இருப்பின் அது எதுவரை பரவியுள்ளது என மதிப்பிடவும் பல வகை ஸ்கேன்கள் எடுக்கப்படுகின்றன. அவற்றுள் சிலவற்றுக்கே மாறுபாட்டு ஊடகம் தேவைப்படுகிறது. எனினும் முன்பு ஒருமுறை ஊசிக்குப் பின் உடலில் தடிப்பு ஏற்பட்டவர்களும், மீன், இறால் முதலியவை ஒத்துக்கொள்ளாதவர்களும் எல்லா ஸ்கேன்களையும் தவிர்க்க எண்ணுவதுண்டு. இதனால் நோயின் நிலையை அறிவதில் தாமதம் நேர்கிறது. மறுபுறம், உண்மையிலேயே கடும் எதிர்வினைக்கு உள்ளான ஒருவருக்கு அதே மருந்து மீண்டும் செலுத்தப்படுவது உயிருக்கு ஆபத்தாகலாம். ஆகவே எந்த ஸ்கேனில் எந்தப் பொருள் செலுத்தப்படுகிறது என்பதை அறிவது இவ்விடயத்தில் முதன்மையானது.

ஒரே பெயரில் பல ஊசிகள்

முன்னிற்கும் சுரப்பிப் புற்றுநோய்க்காக ஆய்வு செய்யப்படும் ஒருவர் சில வாரங்களுக்குள் நான்கு வேறுபட்ட ஊசிகளைப் பெறக்கூடும். சி.டி. ஸ்கேனில் அயோடின் அடங்கிய ஊடகம் செலுத்தப்படுகிறது. எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த ஒத்ததிர்வுப் படிமமாக்கலில் கடோலினியம் என்னும் உலோகத்தின் சேர்மம் பயன்படுகிறது. எலும்பு ஸ்கேனில் டெக்னீசியம்-99எம் என்னும் கதிரியக்கத் தனிமத்தை ஏந்திய பாசுபரசுச் சேர்மம் செலுத்தப்படுகிறது. பெட் ஸ்கேனில் கேலியம்-68 அல்லது புளோரின்-18 இணைக்கப்பட்ட மூலக்கூறு பயன்படுகிறது. இவை நான்கும் வேதியியல் அடிப்படையில் ஒன்றோடொன்று தொடர்பற்றவை. ஒன்றுக்கு ஒவ்வாமை இருப்பதால் மற்றொன்றுக்கும் இருக்கும் எனக் கொள்வதற்கு அடிப்படை இல்லை. பேச்சு வழக்கில் நான்குமே "டை ஊசி" என்று சொல்லப்படுவதே குழப்பத்திற்குப் பெரும் காரணமாகிறது.

அளவிலும் பெரும் வேறுபாடு உண்டு. சி.டி. ஸ்கேனுக்கு வழக்கமாக 80 முதல் 100 மில்லிலீட்டர் ஊடகம் செலுத்தப்படுகிறது. ஒவ்வொரு மில்லிலீட்டரிலும் 300 முதல் 370 மில்லிகிராம் அயோடின் இருப்பதால், உடலுக்குள் செல்லும் அயோடின் ஏறத்தாழ 30 கிராம் ஆகும். எம்.ஆர்.ஐ. ஊடகம் உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 0.1 மில்லிமோல் என்ற அளவில் கணக்கிடப்படுகிறது. 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவருக்கு இது ஏறக்குறைய 14 மில்லிலீட்டர் வரும். பெட் ஸ்கேனில் செலுத்தப்படும் மூலக்கூறின் நிறையோ மைக்ரோகிராம் அளவிலானது. இவ்வளவு சிறிய அளவுக்கு ஒவ்வாமை ஏற்படுவது அரிது. ஆயினும் அறவே இல்லை எனக் கூற இயலாது.

செயற்படும் முறை

அயோடினின் அணுவெண் 53. எடை மிகுந்த இவ்வணு எக்ஸ்-கதிர்களை நன்கு உறிஞ்சுவதால், குருதி பாயும் இடங்கள் படத்தில் வெண்மையாகத் தெரிகின்றன. இன்றைய ஊடகங்கள் அனைத்தும் ஒரு பென்சீன் வளையத்தில் மூன்று அயோடின் அணுக்கள் பிணைக்கப்பட்ட அமைப்பை அடிப்படையாகக் கொண்டவை. வளையத்தின் எஞ்சிய இடங்களில் இணைக்கப்படும் பக்கச் சங்கிலிகளே ஒரு மருந்தை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்துகின்றன. ஒவ்வாமை பெரும்பாலும் முழு மூலக்கூறையும் அதன் பக்கச் சங்கிலிகளையும் பொறுத்தது. அயோடின் அணுவைப் பொறுத்ததன்று.

கடோலினியத்தின் அணுவெண் 64. இதன் அயனியில் இணையற்ற எதிர்மின்னிகள் ஏழு உள்ளன. அவை அருகிலுள்ள நீர் மூலக்கூறுகளின் காந்தத் தளர்வு நேரத்தைக் குறைப்பதால், ஊடகம் சேர்ந்த இடம் பிரகாசமாகத் தெரிகிறது. தனித்த கடோலினிய அயனி நச்சுத்தன்மை உடையது. அதனால் அது ஒரு கரிமக் கூட்டுக்குள் இறுகப் பிடிக்கப்பட்ட நிலையிலேயே செலுத்தப்படுகிறது. புற்றுநோய்த் திசுக்களில் புதிதாகத் தோன்றும் நுண்குழாய்கள் இயல்பான குழாய்களைவிடக் கசியும் தன்மை மிக்கவை. ஆகவே ஊடகம் அங்கு விரைந்து சேர்ந்து விரைந்து வெளியேறுகிறது. முன்னிற்கும் சுரப்பியின் எம்.ஆர்.ஐ. ஆய்வில் ஊடகம் சேர்க்கப்படுவதன் நோக்கம் இவ்விரைவைக் காண்பதே.

வரலாறு

எக்ஸ்-கதிர் 1895 இல் கண்டறியப்பட்டது. மறு ஆண்டிலேயே வியன்னாவில் துண்டிக்கப்பட்ட ஒரு கையின் குருதிக் குழாய்களுக்குள் எக்ஸ்-கதிரை மறைக்கும் கலவை செலுத்தப்பட்டுப் படமெடுக்கப்பட்டது. உயிருள்ள மனிதருக்குச் செலுத்தத்தக்க பொருள் கிடைப்பதற்கு மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. ஐக்கிய அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் மேகப்புண் நோய்க்குச் சோடியம் அயோடைடு பெற்றுவந்த நோயாளிகளின் சிறுநீர்ப்பை எக்ஸ்-கதிர்ப் படத்தில் தெரிந்தது. ஆசுபோர்ன் குழுவினர் இதை 1923 இல் வெளியிட்டனர். மோசசு சுவிக் என்னும் அமெரிக்க மருத்துவர் செருமனியில் செய்த ஆய்வின் பயனாக 1929 இல் யூரோசெலக்டான் என்ற அயோடின் சேர்மம் சிறுநீரகங்களைப் படமெடுக்கப் பயன்பாட்டுக்கு வந்தது. ஆக, இத்துறை தொடக்கத்திலேயே சிறுநீரியலோடு பிணைந்து வளர்ந்த ஒன்றாகும்.

1950களில் வந்த டையாட்ரிசோவேட்டு முதலிய அயனி வகை ஊடகங்கள் குருதியைவிடப் பன்மடங்கு மிகுந்த சவ்வூடு பரவல் அழுத்தம் உடையவை. செலுத்தும்போது எரிச்சலும் வாந்தியும் சாதாரணமாக ஏற்பட்டன. ஒவ்வாமை எதிர்வினைகளும் மிகுதியாக இருந்தன. சுவீடனைச் சேர்ந்த கதிரியலாளர் தோர்சுட்டன் அல்மேன் 1960களின் இறுதியில் அயனியாகப் பிரியாத ஊடகம் ஒன்றை உருவாக்கலாம் என முன்மொழிந்தார். கடலில் நீந்தும்போது உப்பு மிகுந்த நீர் கண்ணை உறுத்துவதும், உப்புக் குறைந்த பால்டிக் நீர் அவ்வாறு உறுத்தாததும் இவ்வெண்ணத்தைத் தூண்டியதாகச் சொல்லப்படுகிறது. அவரது கருத்தை நோர்வேயின் நைகார்டு நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அதன் விளைவாக மெட்ரிசமைடும், பின்னர் 1980களில் ஐயோஹெக்சோலும் வெளிவந்தன.

இம்மாற்றத்தின் பயனை அளவிட்டுக் காட்டியது கட்டயாமாவும் உடன் பணியாற்றியோரும் சப்பானில் மேற்கொண்டு 1990 இல் வெளியிட்ட பேராய்வு ஆகும். 337,647 ஊசிகளை ஆராய்ந்த அதில், பழைய அயனி வகை ஊடகங்களால் 12.66 விழுக்காட்டினருக்கும் புதிய வகையால் 3.13 விழுக்காட்டினருக்கும் ஏதேனும் பாதகமான விளைவு ஏற்பட்டது. கடுமையான விளைவுகள் 0.22 விழுக்காட்டிலிருந்து 0.04 விழுக்காடாகக் குறைந்தன. முதியோரிடையே நிலவும் அச்சத்துக்குப் பழைய ஊடகங்களின் காலத்தில் அவர்களோ உறவினரோ பட்ட அனுபவம் ஒரு காரணமாகலாம். இன்று சிரை வழியே செலுத்தப்படுபவை அந்தப் பழைய பொருள்கள் அல்ல.

எதிர்வினைகளின் தன்மை

ஊசிக்குப் பின் ஏற்படும் எல்லா உணர்வுகளும் ஒவ்வாமை அல்ல. உடல் முழுதும், குறிப்பாக அடிவயிற்றிலும் இடுப்புப் பகுதியிலும் பரவும் வெப்ப உணர்வு, சிறுநீர் கழிந்துவிட்டது போன்ற பிரமை, வாயில் உலோகச் சுவை, குமட்டல் ஆகியவை அயோடின் ஊடகத்தின் இயற்பியல், வேதியியல் பண்புகளால் ஏற்படுபவை. இவை சில நிமிடங்களில் தாமே அடங்கும். ஊசியைக் கண்ட அச்சத்தில் நாடித்துடிப்புத் தணிந்து மயக்கம் வருவதும் ஒவ்வாமை ஆகாது. ஊடகம் சிரைக்கு வெளியே கசிந்து கை வீங்குவதும் அவ்வாறே. இவற்றை "ஒவ்வாமை" என மருத்துவக் குறிப்பேட்டில் எழுதிவிடுவது பிற்காலத்தில் பெருந்தொல்லையாக முடிகிறது. ஏனெனில், ஒருமுறை எழுதப்பட்ட சொல் அடுத்தடுத்த மருத்துவர்களால் கேள்வியின்றிப் படியெடுக்கப்படுகிறது.

ஒவ்வாமை வகை எதிர்வினைகள் மென்மையானவை, மிதமானவை, கடுமையானவை எனப் பிரிக்கப்படுகின்றன. ஓரிடத்தில் தோன்றும் தடிப்பு, அரிப்பு, மூக்கு ஒழுகுதல், தும்மல் ஆகியவை மென்மையானவை. உடல் முழுதும் பரவும் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத் திணறலின்றித் தொண்டை இறுகுதல், இலேசான இழுப்பு ஆகியவை மிதமானவை. குரல்வளை வீங்கி மூச்சு அடைபடுதல், மூச்சுக்குழல் சுருங்கி உயிர்வளி குறைதல், குருதியழுத்தம் வீழ்தல், இதயத்துடிப்பு நிற்றல் ஆகியவை கடுமையானவை. கடுமையானவற்றில் பெரும்பாலானவை ஊசி போட்ட முதல் 20 நிமிடங்களுக்குள் தொடங்குகின்றன. அதனால்தான் ஊடகம் பெற்றவரை அரை மணி நேரம் மருத்துவமனையில் இருக்குமாறு ஐரோப்பிய வழிகாட்டல் கூறுகிறது.

இவற்றின் இயங்குமுறை முழுமையாகத் தெளிவுபடவில்லை. பலரிடத்தில், முன்பு அப்பொருளைச் சந்தித்துக் காப்புப் புரதம் உருவாகாமலேயே ஊடகம் மாசுட்டு செல்களை நேரடியாகத் தூண்டி இசுட்டமீனை வெளியேற்றுகிறது எனக் கருதப்படுகிறது. சிலரிடத்தில், குறிப்பாகக் கடும் எதிர்வினை கண்டவர்களிடத்தில், ஐ.ஜி.இ. என்னும் காப்புப் புரதத்தின் பங்கு தோல் சோதனைகளால் உறுதிப்பட்டுள்ளது. முதல்முறை ஊடகம் பெறுவோருக்கும் எதிர்வினை வரக்கூடும் என்பது இதனால் விளங்கும். இவையன்றி, ஒரு மணி நேரம் முதல் ஒரு வாரம் வரை கழித்துத் தோன்றும் தாமத எதிர்வினைகளும் உண்டு. இவை பெரும்பாலும் தோல் சிவப்பாகவும் கொப்புளமாகவும் வெளிப்படும். டி-செல்கள் வழி நிகழ்பவை. புற்றுநோயாளி அக்காலத்தில் புதிதாக வேறு மருந்துகளையும் தொடங்கியிருக்கக்கூடும் என்பதால், காரணத்தைப் பிரித்தறிவது எளிதன்று.

"அயோடின் ஒவ்வாமை" என்னும் கருத்து

மீன், நண்டு, இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் அயோடின் ஊடகத்தைத் தவிர்க்க வேண்டும் என்ற நம்பிக்கை பல நாடுகளில், மருத்துவப் பணியாளர்களிடையேயும்கூட, நிலவுகிறது. 1970களில் வெளியான ஆய்வொன்றில், ஊடக எதிர்வினை ஏற்பட்டோரில் சிலர் கடலுணவு ஒவ்வாமை உள்ளோராக இருந்தது குறிப்பிடப்பட்டது. கடலுணவில் அயோடின் மிகுதி என்பதால் இரண்டும் முடிச்சுப் போடப்பட்டன. அதே ஆய்வில் பிற உணவுகளுக்கு ஒவ்வாமை உள்ளோரும் ஏறத்தாழ அதே வீதத்தில் பாதிக்கப்பட்டிருந்தது கவனம் பெறவில்லை.

இறால், நண்டு ஒவ்வாமைக்குக் காரணம் அவற்றின் தசையிலுள்ள டுரோப்போமயோசின் என்னும் புரதம் ஆகும். மீன் ஒவ்வாமைக்குப் பார்வால்புமின் என்னும் புரதம் காரணம். ஊடகங்களில் இப்புரதங்கள் எவையும் இல்லை. புண்களுக்கு இடப்படும் போவிடோன்-அயோடின் கரைசலால் தோல் சிவந்தவர்களுக்கும் இதே விளக்கம் பொருந்தும். அங்கு உறுத்துவது பெரும்பாலும் கரைசலின் பிற கூறுகளே. அயோடின் தைராய்டு சுரப்பிக்கு இன்றியமையாத தனிமம். அயோடின் கலந்த உப்பை நாள்தோறும் உண்ணும் ஒருவருக்கு அயோடினுக்கே ஒவ்வாமை எனக் கூறுவது பொருந்தாது. இக்காரணங்களால் "அயோடின் ஒவ்வாமை" என்ற தொடரை மருத்துவக் குறிப்புகளிலிருந்தே நீக்கி, செலுத்தப்பட்ட மருந்தின் பெயரை எழுத வேண்டும் என வல்லுநர்கள் வலியுறுத்தி வருகின்றனர்.

ஆசுத்துமாவோ வேறு ஏதேனும் ஒவ்வாமையோ உள்ளவர்களுக்குப் பொதுவாக ஊடக எதிர்வினைக்கான வாய்ப்பு இரண்டு, மூன்று மடங்கு கூடுதல். தொடக்க வாய்ப்பே மிகக் குறைவாதலால் இதற்காக மட்டும் ஸ்கேனை விலக்கவோ முன்மருந்து அளிக்கவோ அமெரிக்கக் கதிரியல் கல்லூரி பரிந்துரைப்பதில்லை. உண்மையில் கவனிக்கப்பட வேண்டியது ஒன்றே: அதே வகை ஊடகத்துக்கு முன்னர் எதிர்வினை ஏற்பட்டிருத்தல். அவ்வாறு ஏற்பட்டவர்களுக்கு மறுமுறை வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்காகிறது.

கடோலினிய ஊடகங்கள்

முதல் கடோலினிய ஊடகம் 1988 இல் ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இவற்றால் ஏற்படும் உடனடி எதிர்வினைகள் அயோடின் ஊடகங்களைவிடக் குறைவு. வெளியான ஆய்வுகளில் 0.07 முதல் 2.4 விழுக்காடு வரை காணப்படுகிறது. உயிருக்கு ஆபத்தானவை நூறாயிரத்தில் ஒன்று முதல் பத்து வரையே. அயோடின் ஊடகத்துக்கு எதிர்வினை கண்டவர் கடோலினியத்தையும், கடோலினியத்துக்கு எதிர்வினை கண்டவர் அயோடின் ஊடகத்தையும் பெறத் தடையில்லை. இரண்டுக்குமிடையே குறுக்கு ஒவ்வாமை கிடையாது.

கடோலினியத்தைப் பற்றிய அச்சங்களில் இரண்டு ஒவ்வாமையைச் சேர்ந்தவை அல்ல. ஒன்று, சிறுநீரகம் மிகவும் பழுதுற்றவர்களின் தோலும் உள்ளுறுப்புகளும் இறுகும் நோய். இதற்கும் கடோலினியத்துக்கும் உள்ள தொடர்பு 2006 இல் ஆசுத்திரியாவிலிருந்து சுட்டிக்காட்டப்பட்டது. 2007 இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் கடும் எச்சரிக்கை விடுத்தது. மற்றொன்று, மூளையில் கடோலினியம் சிறிதளவு தங்கிவிடுதல். இது 2014 இல் சப்பானிய ஆய்வாளர்களால் வெளியிடப்பட்டது. இவ்விரண்டும் நேரிய சங்கிலி அமைப்புடைய ஊடகங்களில் மிகுதி. உலோகத்தைக் கூண்டுபோல் சூழ்ந்து பிடிக்கும் வளைய அமைப்புடையவற்றில் மிகக் குறைவு. ஐரோப்பிய மருந்து முகமை 2017 இல் நேரிய வகையில் பலவற்றின் பயன்பாட்டை நிறுத்தி வைத்தது. தங்குதலில் பாதுகாப்பான வளைய வகையே ஒவ்வாமையிலும் பாதுகாப்பானது எனக் கருதிவிடக் கூடாது. 2018 இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்றில், உடனடி ஒவ்வாமை மிகக் குறைவாக இருந்தது அயனியற்ற நேரிய வகையிலேயே.

முன்னிற்கும் சுரப்பி எம்.ஆர்.ஐ. ஆய்வில் ஊடகத்தின் தேவை

முன்னிற்கும் சுரப்பியின் பல்கூற்று எம்.ஆர்.ஐ. மூன்று வகைப் படங்களால் ஆனது. சுரப்பியின் உள்ளமைப்பைக் காட்டும் டி2 படங்கள், நீர் மூலக்கூறுகளின் இயக்கம் தடைப்படும் இடங்களைக் காட்டும் விரவல் படங்கள், ஊடகம் சேரும் வேகத்தைக் காட்டும் படங்கள் என்பன அவை. மூன்றாவதற்கு மட்டுமே ஊசி தேவை. இப்படங்களைப் படித்து 1 முதல் 5 வரை மதிப்பெண் இடுவதற்கான பை-ராட்ஸ் முறை 2012 இல் உருவாயிற்று. இதன் இரண்டாம் பதிப்பிலேயே ஊடகப் படங்களின் பங்கு குறுக்கப்பட்டது. 2019 இல் வெளியான 2.1 பதிப்பிலும் அந்நிலை தொடர்கிறது. சுரப்பியின் புற வலயத்தில் விரவல் படத்தால் 3 மதிப்பெண் பெற்று ஐயத்துக்குரியதாக நிற்கும் பகுதி, ஊடகத்தை விரைந்து ஏற்றால் 4 ஆக உயர்த்தப்படும். ஏனைய இடங்களில் ஊடகப் படம் மதிப்பெண்ணை மாற்றுவதில்லை.

ஊசியின்றி முதலிரு வகைப் படங்களை மட்டும் எடுப்பது இருகூற்று எம்.ஆர்.ஐ. எனப்படும். இது போதுமா என்ற வினாவுக்கு விடை காண்பதற்காகப் பிரைம் என்னும் பன்னாட்டு ஆய்வு நடத்தப்பட்டது. இலண்டனில் பணியாற்றும் சிறுநீரியல் மருத்துவர் வீரு காசிவிசுவநாதன் தலைமையிலான இவ்வாய்வில் 12 நாடுகளின் மருத்துவமனைகள் பங்கேற்றன. முடிவுகள் 2025 இல் வெளியாயின. கதிரியலாளர்கள் முதலில் ஊடகமில்லாப் படங்களைப் படித்துத் தம் முடிவைப் பதிந்தனர்; அதன் பின்னரே ஊடகப் படங்கள் அவர்களுக்குக் காட்டப்பட்டன. சிகிச்சை தேவைப்படும் அளவிலான புற்றுநோய் இருகூற்று முறையில் 29 விழுக்காட்டினரிடமும் பல்கூற்று முறையில் 30 விழுக்காட்டினரிடமும் கண்டறியப்பட்டது. அதாவது, ஊடகம் இல்லாமையால் தவறவிடப்பட்டவை மிகச் சிலவே. படங்களின் தரம் நன்றாக இருந்தாலே இம்முடிவு பொருந்தும் என ஆய்வாளர்கள் வரையறுத்துள்ளனர்.

ஒவ்வாமை உள்ளவரைப் பொறுத்தவரை இதன் பயன் தெளிவானது. முதன்முறை ஆய்வுக்காக எம்.ஆர்.ஐ. எடுக்க வருபவர், கடோலினியத்துக்கு எதிர்வினை ஏற்பட்டதைத் தெரிவித்தால் ஊசியின்றியே ஸ்கேனைப் பெறலாம். ஸ்கேனையே கைவிட வேண்டியதில்லை. ஆனால் இடுப்பு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களிடத்தில் உலோகம் விரவல் படத்தைக் குலைத்துவிடுவதால் ஊடகப் படத்தின் மதிப்புக் கூடுகிறது. அறுவைச் சிகிச்சையோ கதிர்மருத்துவமோ முடிந்தபின் நோய் மீண்டும் தோன்றியுள்ளதா என ஆராயும்போதும் அவ்வாறே. வடுத் திசுவையும் புதிய புற்றையும் பிரித்தறிய ஊடகம் அங்கு பெரிதும் உதவுகிறது. அந்நிலையில் முன்பு கொடுக்கப்பட்டதல்லாத வேறொரு கடோலினிய ஊடகத்தைத் தேர்ந்தெடுப்பது வழக்கம்.

குடல் அசைவைத் தணிக்க எம்.ஆர்.ஐ. ஆய்வுக்கு முன் சில இடங்களில் ஹயோசின் பியூட்டைல்புரோமைடு செலுத்தப்படுவதுண்டு. வாய் உலர்தல், பார்வை மங்கல், படபடப்பு ஆகியன இம்மருந்தின் விளைவுகள். இவை ஊடகத்தின் கணக்கில் எழுதப்பட்டுவிடுவதும் உண்டு.

பரவலை அறியும் ஸ்கேன்கள்

புற்றுநோய் உறுதியானபின் நிணநீர்க்கணுக்களிலும் எலும்புகளிலும் அது பரவியுள்ளதா என ஆராயப்படுகிறது. நெடுங்காலமாக இதற்கு வயிறு, இடுப்புப் பகுதியின் சி.டி. ஸ்கேனும் எலும்பு ஸ்கேனும் பயன்பட்டு வந்தன. ஊடகமின்றி எடுக்கப்படும் சி.டி. ஸ்கேனிலும் பெருத்த நிணநீர்க்கணுக்களைக் காண முடியும். ஆனால் கணுவையும் அதை ஒட்டிச் செல்லும் குருதிக் குழாயையும் வேறுபடுத்துவது கடினமாகும்.

அண்மைக் காலத்தில் இந்நிலை மாறியுள்ளது. முன்னிற்கும் சுரப்பிப் புற்றுச் செல்களின் மேற்பரப்பில் மிகுதியாகக் காணப்படும் பி.எஸ்.எம்.ஏ. என்னும் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் கதிரியக்க மூலக்கூறுகள் உருவாக்கப்பட்டுள்ளன. ஆத்திரேலியாவில் நோய் பரவும் வாய்ப்பு மிகுந்த 302 பேரிடம் நடத்தப்பட்டு 2020 இல் வெளியான புரோ-பி.எஸ்.எம்.ஏ. ஆய்வில், இவ்வகைப் பெட் ஸ்கேனின் துல்லியம் 92 விழுக்காடாகவும், வழக்கமான சி.டி., எலும்பு ஸ்கேன்களின் கூட்டுத் துல்லியம் 65 விழுக்காடாகவும் இருந்தன. கேலியம்-68 பி.எஸ்.எம்.ஏ.-11 ஐக்கிய அமெரிக்காவில் 2020 டிசம்பரிலும், புளோரின்-18 ஏந்திய பிஃப்ளூஃபோலாசுட்டாட் 2021 இலும் ஒப்புதல் பெற்றன. பெட் ஸ்கேனோடு எடுக்கப்படும் சி.டி. படத்தை அயோடின் ஊடகமின்றியே எடுக்கலாம். ஊடக ஒவ்வாமை உள்ளவருக்கு அதிகத் துல்லியம் வாய்ந்த ஸ்கேனே ஊடகம் தேவைப்படாததாகவும் அமைந்துவிட்டது நற்பேறு எனலாம். எனினும் சில மருத்துவமனைகளில் பெட் ஸ்கேனோடு ஊடகம் செலுத்தி முழுமையான சி.டி. ஸ்கேனும் எடுக்கும் வழக்கம் உள்ளமையால், முன்கூட்டியே கேட்டறிய வேண்டியுள்ளது.

நிணநீர்க்கணுக்களை ஆராய இரும்பு நுண்துகள்களும் முயலப்பட்டன. 2003 இல் வெளியான ஆய்வொன்று, 80 நோயாளிகளிடம் இவை எம்.ஆர்.ஐ. படத்தில் நன்கு பயன்பட்டதைக் காட்டியது. இரும்புத் துகள்களும் ஒவ்வாமையிலிருந்து விடுபட்டவை அல்ல. இரத்தச்சோகைக்காக 2009 இல் ஒப்புதல் பெற்ற ஃபெருமோக்சிட்டால் என்னும் இவ்வகை மருந்து உயிரிழப்புகளுக்குக் காரணமானதால் 2015 இல் அதன்மீது கடும் எச்சரிக்கை விதிக்கப்பட்டது.

முன்மருந்து

முன்பு எதிர்வினை ஏற்பட்டவருக்கு ஊடகம் தவிர்க்க இயலாததாயின், ஊக்க மருந்துகளைக் கொடுத்துவிட்டு ஊடகத்தைச் செலுத்தும் முறை பல பத்தாண்டுகளாக வழக்கிலுள்ளது. ஊடகத்துக்கு 13 மணி, 7 மணி, 1 மணி நேரத்திற்கு முன் பிரெட்னிசோன் 50 மில்லிகிராம் வீதமும், 1 மணி நேரத்திற்கு முன் டைபென்ஹைட்ரமின் 50 மில்லிகிராமும் கொடுப்பது அமெரிக்காவில் பெரிதும் பின்பற்றப்பட்ட முறை. மற்றொரு முறையில் மெத்தில்பிரெட்னிசோலோன் 32 மில்லிகிராம் 12 மணி, 2 மணி நேரத்திற்கு முன் இருமுறை கொடுக்கப்படும். ஊசி போடுவதற்குச் சில நிமிடங்கள் முன்பு மட்டும் இசுடீராய்டு கொடுப்பதால் பயனில்லை; மருந்து செயற்படக் குறைந்தது நான்கு, ஐந்து மணி நேரமாகும்.

முன்மருந்து எதிர்வினையை முற்றிலும் தடுப்பதில்லை. முன்மருந்து பெற்ற பின்னரும் மீண்டும் எதிர்வினைக்கு உள்ளானோர் பலர். ஐரோப்பிய சிறுநீர்-பிறப்புறுப்புக் கதிரியல் சங்கம் 2018 இல் வெளியிட்ட வழிகாட்டலின் பத்தாம் பதிப்பில், போதிய சான்று இல்லை என்று கூறி முன்மருந்தையே பரிந்துரையிலிருந்து விலக்கியது. வேறொரு ஊடகத்துக்கு மாறுவது இசுடீராய்டைவிட நன்கு பயனளிக்கிறது என்ற கருத்து இப்போது வலுப்பெற்றுள்ளது. அமெரிக்கக் கதிரியல் கல்லூரியும் அந்நாட்டு ஒவ்வாமை மருத்துவர் கழகமும் 2025 இல் இணைந்து வெளியிட்ட அறிக்கையும், மென்மையான எதிர்வினை கண்டவர்களுக்கு முன்மருந்து தேவையில்லை என்றும் ஊடகத்தை மாற்றுவதே சிறந்தது என்றும் கூறுகிறது. கடும் எதிர்வினை கண்டவர்களுக்கு முதலில் மாற்று ஸ்கேன் தேடப்பட வேண்டும். வேறு வழியில்லையெனில், ஊடகத்தை மாற்றி, முன்மருந்தும் கொடுத்து, அவசர மருத்துவக் குழு உள்ள மருத்துவமனையிலேயே ஸ்கேன் எடுக்கப்பட வேண்டும்.

இசுடீராய்டு நீரிழிவு உள்ளவர்களிடம் சர்க்கரையை ஓரிரு நாள்களுக்கு உயர்த்தும். முன்னிற்கும் சுரப்பிப் புற்றுநோய் முற்றிய நிலையில் அபிராட்டெரோன் மாத்திரையோடு நாள்தோறும் 5 அல்லது 10 மில்லிகிராம் பிரெட்னிசோன் எடுப்போர் பலர். அவ்வளவு, முன்மருந்தின் அளவான 150 மில்லிகிராமுக்கு ஈடாகாது.

எதிர்வினைக்கான சிகிச்சை

கடும் எதிர்வினைக்கு முதல் மருந்து எபிநெஃப்ரின் எனவும் வழங்கும் அட்ரினலின் ஆகும். வளர்ந்தவர்களுக்கு 0.3 முதல் 0.5 மில்லிகிராம் தொடையின் வெளிப்பக்கத் தசையில் செலுத்தப்படுகிறது. தேவையாயின் சில நிமிடங்களில் மீண்டும் கொடுக்கப்படும். இசுட்டமீன் எதிர் மருந்துகள் தடிப்பையும் அரிப்பையும் தணிக்கும். மூச்சடைப்பையோ அழுத்த வீழ்ச்சியையோ தடுக்கமாட்டா. இசுடீராய்டு உடனடியாகச் செயற்படுவதில்லை.

இப்புற்றுநோய் பெரும்பாலும் முதியோரைத் தாக்குவதால், அவர்களுள் பலர் இதயநோய்க்கோ உயர் குருதியழுத்தத்துக்கோ பீட்டா தடுப்பு மருந்துகளை உட்கொள்வோராக இருப்பர். அவர்களிடத்தில் அட்ரினலின் போதிய பலன் தராமற் போகலாம். அப்போது குளூக்ககான் சிரை வழியே கொடுக்கப்படுகிறது. ஆகையால் ஸ்கேனுக்கு முன் நிரப்பப்படும் படிவத்தில் அன்றாட மாத்திரைகளின் பெயர்கள் கேட்கப்படுவது வெறும் சடங்கன்று.

ஒவ்வாமையோடு குழப்பப்படும் பிற தடைகள்

ஊடகம் கொடுக்க இயலாது என ஒருவரிடம் சொல்லப்படுவதற்கு ஒவ்வாமையல்லாத காரணங்களும் உள்ளன. வீங்கிய முன்னிற்கும் சுரப்பி சிறுநீர்ப் பாதையை அடைப்பதால் சிறுநீரகம் பழுதுறுவது இந்நோயாளிகளிடம் காணப்படுவதே. குருதியில் கிரியாட்டினின் உயர்ந்திருந்தால் சி.டி. ஊடகம் ஒத்திவைக்கப்படலாம், அடைப்பு நீங்கிச் சிறுநீரகம் தேறியபின் அதே ஊடகம் கொடுக்கப்படலாம். நீரிழிவுக்கான மெட்ஃபார்மினும் இக்காரணம் பற்றியே, சிறுநீரக வடிதிறன் 30க்குக் கீழ் உள்ளவர்களுக்கு இரு நாள்கள் நிறுத்தப்படுகிறது. கட்டுப்பாட்டில் இல்லாத மிகைத் தைராய்டு உள்ளவர்களுக்கு அயோடின் சுமை நோயைத் தூண்டக்கூடும். இவை எவையும் ஒவ்வாமை அல்ல. அவ்வாறு குறிக்கப்படவும் கூடாது.

பதிவும் சோதனையும்

எதிர்வினை ஏற்பட்டால், மருந்தின் பெயர், அளவு, எத்தனை நிமிடத்தில் தொடங்கியது, தோன்றிய குறிகள், கொடுக்கப்பட்ட சிகிச்சை ஆகியவை பதியப்பட வேண்டும். "டை ஒத்துக்கொள்ளவில்லை" என்ற ஒற்றை வரி அடுத்த கதிரியலாளருக்கு எதையும் தெரிவிப்பதில்லை. ஐயோஹெக்சோல் என எழுதப்பட்டிருந்தால் அவர் அதைவிடுத்து, பக்கச் சங்கிலி வேறுபட்ட இன்னொன்றைத் தேர முடியும். எதிர்வினை தொடங்கி ஒன்று, இரண்டு மணி நேரத்துக்குள் எடுக்கப்படும் குருதியில் டிரிப்டேசு என்னும் நொதி உயர்ந்திருந்தால், அது மாசுட்டு செல்களின் தூண்டலைக் காட்டும். கடும் எதிர்வினை கண்டவர்களை ஒவ்வாமை மருத்துவர் ஒருவர் தோல் சோதனை செய்து, அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாத ஊடகத்தையும் ஒத்துக்கொள்ளக்கூடியவற்றையும் பிரித்துக் காட்டலாம். எதிர்வினைக்குப் பின் ஒரு மாதம் முதல் ஆறு மாதங்களுக்குள் இச்சோதனையைச் செய்வது நல்ல பலன் தரும். முன்பு எதிர்வினை எதுவும் காணாதவர்களுக்கு முன்னெச்சரிக்கையாக இச்சோதனை செய்யப்படுவதில்லை. ஊசியில் ஒரு துளியை முதலில் செலுத்திப் பார்க்கும் பழைய வழக்கமும் பயனற்றது எனக் கைவிடப்பட்டுள்ளது. அந்த ஒரு துளியே கடும் எதிர்வினையைத் தூண்டிய நிகழ்வுகளும், துளிக்கு ஒன்றும் நேராமல் முழு அளவுக்கு எதிர்வினை கண்ட நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன.